இருநூற்று அறுபத்திரண்டாம் படி

என் அக்கா சுதாவுக்குத் தலை சுற்றினால் தெருவுக்கே தெரிந்துவிடும். முதலில் பாத்திரம் உருளும். அப்புறம், "சுவரப் புடிங்கடி, சாயுது!" என்று ஒரு சத்தம். சுவர் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும். சாய்வது அவள்தான். எத்தனை தடவை சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டாள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவள் மண்டையில் புதிதாக எதையும் ஏற்ற முடியாது.

நான் தமயந்தி. திருத்தணியில், மலையடிவாரத்துச் சத்தார் பாய் மெடிக்கலில் பதினேழு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன். எங்கள் கடையில் இருமல் மருந்தைவிட அதிகமாகப் போவது வாந்தி மாத்திரை. திருப்பதிக்குப் போகிற வேன்கள் இங்கே நிற்கும்போதே, மேல்திருப்பதி வளைவுகளை நினைத்துப் பாதிப் பேருக்குக் குமட்டும். தலைசுற்றல் மாத்திரையும் அதே குடும்பம்தான். மூக்கொழுகினால் போடுகிற அலர்ஜி மாத்திரைக்கு ஒன்றுவிட்ட உறவு. காதுக்குள் நடக்கிற ஆட்டத்தை அடக்கும், கூடவே தூக்கத்தையும் கொண்டுவரும். சிலது கொஞ்சமாக, சிலது ஆளையே அடித்துப் போடுகிற மாதிரி.

அக்காவை அரக்கோணத்தில் ஒரு காது டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவர் அவளைச் சட்டென்று படுக்க வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக் கண்ணை உற்றுப் பார்த்தார். கருவிழி தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி வைத்திருக்கிற ரசமட்டம் மாதிரி ஒன்று காதுக்குள் இருக்கிறது, அதிலுள்ள திரவம்தான் நிமிர்வா சாய்வா என்று மூளைக்குச் சொல்கிறது, இவளுக்கு அது தப்பாகச் சொல்கிறது என்றார். சின்னரிசின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்கா வெளியே வந்ததும், "தப்பா சொல்லுதுன்னு இவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பஸ் வந்துவிட்டது.

மாத்திரையும் போட்டாள், முருகனுக்கு வேண்டுதலும் வைத்தாள். மாதக் கிருத்திகைதோறும் சரவணப் பொய்கையிலிருந்து கோயில்வரை ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பதாக.

"தல சுத்தறவ குனிஞ்சு நிமிந்து முந்நூத்தி அறுபத்தஞ்சு படி ஏறுவியா? அந்த முருகனே வேணாம்னு கும்புடுவாரு," என்றேன். அவள் கேட்கிற ஜாதி இல்லை.

வைகாசிக் கிருத்திகையன்று கிண்ணத்தோடு ஏறியவள், இறங்கி வந்து நேராகக் கடைக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"சுத்திச்சா?"

"சுத்தல தமயந்தி. இது வேற. ஒரு படியில குனிஞ்சனா, அப்படியே வண்டில சாஞ்சு தூங்கற மாதிரி ஆயிடுச்சு. யாரோ ஓட்றாங்க. வளவுல திரும்புது. எனக்கு முழிக்கணும், கண்ணத் தொறக்க முடியல. அடுத்த படியில கால வச்சேன், ஒண்ணுமே இல்ல."

மாத்திரை மயக்கம் என்று சொல்லி அனுப்பினேன். ஆனிக் கிருத்திகையன்றும் அதே படியில் அதே மாதிரி வந்தது. அந்தத் தடவை அவள் முதலிலிருந்தே எண்ணிக்கொண்டு ஏறியிருந்தாள். இருநூற்று அறுபத்திரண்டாவது படி.

எங்கள் ஊரில் இந்தப் படிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. முந்நூற்று அறுபத்தைந்து படி, வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள். ஒரு படிக்கு ஒரு நாள். ஆங்கில வருஷம் முடிகிற அன்று படி பூஜை நடப்பதும் அதனால்தான். குழந்தைகள்கூடத் தங்கள் பிறந்தநாள் எந்தப் படி என்று எண்ணி அதன்மேல் ஒரு குதி குதித்துவிட்டு ஏறும். ஆகையால் அக்கா என்ன செய்திருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்த் தினசரிக் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு ஜனவரி ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறாள்.

"செப்டம்பர் பத்தொம்போது வருது," என்றாள் போனில். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சனிக்கெழம. புரட்டாசி மொத சனி."

"அப்ப என் பொறந்தநாள் படியில யாராச்சும் கேக்கு வச்சிருந்தாங்களா?"

"சிரிக்காதடி. அன்னிக்கு உங்க பாவாவுக்கு டிரிப்பு இருக்குது."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பெருமாள், அக்காவின் கணவர், சொந்தமாக வேன் வைத்து ஓட்டுகிறார். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அக்காவைக் கட்டிக்கொண்டு வந்தவர். எங்கள் நைனா செத்த பிறகு என்னை மருந்தாளுநர் படிப்பில் சேர்த்ததும், அரக்கோணம் ரயிலில் முதல் நாள் கூடவே வந்து இடம் பிடித்துக் கொடுத்ததும் பாவாதான். உலகத்தில் எனக்கு அவர்மேல் இருக்கிற பாசம் வேறு யார்மேலும் இல்லை. அக்காவிடம் இதைச் சொன்னதில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்காருவாள்.

ஆனாலும் நான் மருந்து விற்கிறவள். காலண்டருக்குப் பயப்பட முடியுமா? ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டத்தில் படியில் கால் வைக்க இடமில்லை. அதை விட்டுவிட்டு, ஆவணிக் கிருத்திகைக்கு நானும் வருகிறேன் என்றேன். மலை ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் என் கையாலேயே அவளுக்கு மாத்திரை கொடுத்தேன். காது அடங்கிவிட்டால் படி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம் என்பது என் எண்ணம்.

காலை ஏழு மணி. வெயில் இன்னும் கல்லில் ஏறவில்லை. அக்கா மஞ்சள் பூச, நான் பின்னால் குங்குமம் வைத்துக்கொண்டே எண்ணினேன். கீழே கடைகளில் பாட்டு, மேலே மணிச் சத்தம், நடுவில் அரோகரா போட்டுக்கொண்டு போகிறவர்கள். இருநூற்றைம்பது தாண்டியபோது அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் வரும்வரை இருநூற்று அறுபத்தொன்று வெறும் கல். அடுத்த படியில் குங்குமம் இருந்தது. மூன்று பொட்டு, நாங்கள் வைப்பது போலவே வரிசையாக, ஈரத்தோடு. எங்களுக்கு முன்னால் யாரும் படிக்குப் பொட்டு வைத்துக்கொண்டு போகவில்லை. நாங்கள் வைத்து வந்ததைத் தவிர, கீழேயும் மேலேயும் வேறு எந்தப் படியிலும் ஒரு துளி இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன்.

"வேற யாராச்சும் வச்சிருப்பாங்க," என்றேன்.

அக்கா அதன்மேலேயே மஞ்சளைப் பூசினாள். நிமிர்ந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வெற்றிச் சிரிப்பு வந்தது. "பாத்தியா, மாத்திர..." என்று தொடங்கிக் குனிந்து பொட்டு வைக்க விரலைக் கல்லில் ஊன்றினேன்.

பாட்டும் மணியும் ஒரே நேரத்தில் நின்றன. யாரோ கதவைச் சாத்தியது மாதிரி. நான் குனிந்திருக்கவில்லை, உட்கார்ந்திருந்தேன். தலை இடது பக்கம் ஒரு கண்ணாடியில் சாய்ந்திருந்தது, கண்ணாடி நெற்றியில் அதிர்ந்தது. வலது பக்கம் யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மூச்சுவிடுவது கேட்டது. உடம்பு முழுக்க எண்ணெய் ஊற்றி வைத்தது போலத் தூக்கம். வண்டி வளைந்தபோது வயிறும் கூடவே வளைந்தது. ஏதோ வரப்போகிறது, விழிக்க வேண்டும் என்று தெரிந்தது, இமை மட்டும் எழவில்லை.

அக்கா என்னை மேலே இழுத்திருக்கிறாள். அடுத்த படியில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு, மணி எல்லாம் திரும்ப இருந்தன. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். மீதிப் படிகளுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து முடித்தோம். எனக்கு வாழ்நாளில் ஒருநாளும் தலைசுற்றல் வந்தது கிடையாது.

அன்றிலிருந்து நான் அக்காவைவிட மோசமானேன். அவளாவது அழுது தீர்த்தாள். நான் கவுண்டரில் நின்றுகொண்டே நாள் எண்ணினேன். பாவாவை அந்தச் சனிக்கிழமை வண்டி எடுக்க விடக்கூடாது, அவ்வளவுதான். அவரிடம் நேராகவே கேட்டுப் பார்த்தோம்.

"படி சொல்லிச்சா?" என்று சிரித்தார். "அந்தப் படிக்கு போன் நம்பர் இருந்தா குடு, நான் பேசிக்கறேன். பொதட்டூர்பேட்டை பார்ட்டி, மூணு மாசம் முன்னாடியே சொல்லி வச்சிருக்கறாங்க. வருஷத்துல அந்த ஒரு நாளுதான் தறிய நிறுத்திட்டு திருப்பதி பெருமாள பாக்கப் போவாங்க. அவங்ககிட்ட போயி, என் பொண்டாட்டிக்குத் தல சுத்துது, நீங்க போவாதீங்கன்னு சொல்லவா?"

"வேற டிரைவர போடு பாவா."

"என் வண்டிய நான் ஓட்டாம வேற எவன் ஓட்டுவான்? இருவத்தாறு வருஷத்துல ஒரு நாள் கண்ண மூடியிருக்கறேனா?"

அது உண்மைதான். பாவா வண்டியில் ஏறினால் கொட்டாவிகூட விடமாட்டார் என்று ஸ்டாண்டு முழுக்கப் பேச்சு.

வெள்ளிக்கிழமை மதியம் அந்த யோசனை எனக்கு வந்தது. எங்கிருந்தும் வரவில்லை, என் முதுகுக்குப் பின்னாலிருந்த அலமாரியிலிருந்துதான் வந்தது. வாந்தி மாத்திரைகளில் ஆளை அடித்துப் போடுகிற ரகம் ஒன்று, புரோமெதசின். பழக்கமில்லாதவர்கள் ஒன்று போட்டாலே மறுநாள் பகல்வரை கண் சொக்கும். மாத்திரையே தொடாத பாவாவுக்கு இரண்டு கொடுத்தால் அலாரம் அடித்தாலும் கேட்காது. பார்ட்டி காத்திருந்து பார்த்துவிட்டு வேறு வண்டியில் போய்விடும். பாவா எழுந்து நாலு நாள் திட்டுவார். திட்டட்டும், உயிரோடு இருந்து திட்டட்டும். மருந்து தெரியாதவளுக்கு இந்த எண்ணம் வந்திருக்காது. மருந்து தெரிந்தவள் அதைச் செய்திருக்கக் கூடாது. இரண்டும் எனக்கு அப்போதே தெரியும்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு மாத்திரையை வெள்ளைத்தாளில் வைத்துக் கரண்டியால் பொடித்தேன். கசப்புத் தெரியாமலிருக்கப் பாலில் பனங்கற்கண்டை அள்ளிப் போட்டேன். அக்கா அடுப்புப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணும் ஆகாதில்ல?"

"தூங்குவாரு. அவ்ளோதான்."

பாவா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னா தமயந்தி, இன்னிக்கு இவ்ளோ இனிப்பு?" என்றார். எட்டு மணிக்கெல்லாம் கொட்டாவி விட்டார். நான் வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுத்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

காலை ஆறு மணிக்கு அக்கா போன் செய்தாள்.

"போய்ட்டாருடி."

"எப்படி?"

"பார்ட்டி மொத பஸ்ஸுலயே வந்து இறங்கி வூட்டுக்கே வந்துட்டாங்க. கதவத் தட்டி, சத்தம் போட்டு எழுப்பிட்டாங்க. அவரால நிக்கவே முடியல. தல மேல தண்ணி ஊத்திக்கினாரு, அப்பவும் கண்ணு தொறக்கல. அப்புறம் அவரே சொன்னாரு, இப்படி ஓட்னா எல்லாரையும் கொன்னுடுவேன்னு. ஹேமநாதன கூப்ட்டு ஓட்டச் சொல்லிட்டாரு. இவரு பக்கத்துல சும்மா உக்காந்துகினு போறாரு."

ஹேமநாதன் அதே ஸ்டாண்டில் ஓட்டுகிறவர். வாரம் ஒருமுறையாவது தன் பயணிகளுக்கு மாத்திரை வாங்க எங்கள் கடைக்கு வருவார். பாவாவைவிடச் சின்னவர். கூப்பிட்ட குரலுக்கு வருவார், கூடவே ஒரு ஜோக்கும் வரும்.

"அப்ப பாவா ஓட்டலியா?"

"ஓட்டல."

"நல்லதாப் போச்சு அக்கா," என்றேன்.

"ஆங். நல்லதாப் போச்சு," என்றாள் அவளும். நாங்கள் இரண்டு பேரும் போனில் சிரித்தோம். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இருந்தது. ஆனால் சிரித்தோம்.

புத்தூர் தாண்டி ஒரு வளைவில், பழுதாகி நடுரோட்டில் நின்றிருந்த லாரியில் வேனின் வலது பக்கம் மோதியது. பின்னாலிருந்தவர்களுக்குச் சின்னச் சின்னக் காயம். ஹேமநாதன் ஸ்டியரிங்கிலேயே போய்விட்டார். செய்தி ஒன்பது மணிக்கு ஸ்டாண்டுக்கு வந்தது, அங்கிருந்து எங்கள் கடைக்கு வந்தது. சத்தார் பாய் என்னைப் பார்த்து, "உங்க பாவா நல்லா இருக்கறாரும்மா, அழாத," என்றார். நான் அழுதது பாவாவுக்காக என்று அவர் நினைத்தார்.

ஆஸ்பத்திரியில் பாவா நெற்றியில் தையலோடு படுத்திருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இப்படி ஒரு தூக்கம் எனக்கு வந்ததே இல்ல தமயந்தி. இடது பக்கம் கண்ணாடில தலய சாச்சிகினு இருந்தேன். கண்ணாடி நெத்தில அதிருது. அவன் மூச்சு வுடறது கேக்குது. வண்டி வளையுது, வவுறு கூடவே வளையுது. ஏதோ வருது, முழிக்கணும்னு தெரியுது. முழிக்க முடியல. ஒரு வார்த்த, டேய் லாரிடான்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பேன். என் கண்ணுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

அக்காவுக்கும் எனக்கும் அந்தப் படியில் வந்தது இதுதான், வார்த்தைக்கு வார்த்தை. அங்கே காட்டப்பட்டது ஓட்டுகிறவனின் சாவு இல்லை, பக்கத்தில் இருக்கிறவனின் தூக்கம். நான் அந்த மாத்திரையைப் பற்றி யோசிப்பதற்குப் பல மாதம் முன்பே, அது அந்தக் கல்லில் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. யார் காட்டியது, எதற்காகக் காட்டியது, காட்டாமல் இருந்திருந்தால் பாவா தன் இருபத்தாறு வருஷக் கண்ணோடு அந்த லாரியைத் தாண்டிப் போயிருக்க மாட்டாரா? இந்தக் கேள்வி வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

வெளியே வராந்தாவில் அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். "நீதான்டி காப்பாத்துன. மாத்திர இல்லன்னா அவருதான் அந்த சீட்டுல இருந்திருப்பாரு," என்று காதுக்குள் சொன்னாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு அதற்குப் பிறகு தலை சுற்றவே இல்லை. புரட்டாசிக் கிருத்திகைக்கு எல்லாப் படியும் ஏறிவிட்டு வந்து, அந்தப் படியும் மற்ற படி மாதிரிதான் இருந்தது என்றாள். மாத்திரையை நிறுத்திவிட்டாள். பாவாவிடம் எதையும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சத்தார் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். ஒரு பெண் சுவரைத் தடவிக்கொண்டே வந்து கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹேமநாதனின் மனைவி சந்திரா. சாவு வீட்டில் தூரத்திலிருந்து பார்த்ததுதான்.

"தல சுத்துதுக்கா," என்றாள். "எழுந்தா சுத்துது, படுத்தா சுத்துது. பெரியாஸ்பத்திரில எழுதிக் குடுத்தாங்க." சீட்டை நீட்டினாள். சின்னரிசின் என்று எழுதியிருந்தது.

அட்டையை எடுத்து வந்தேன். என் குரல் எப்போதும் போல வந்ததுதான் ஆச்சரியம். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்ட்டு போடணும்."

"தூக்கம் வருமா?"

"வரும்."

"வரட்டும். அவரு போனதுலேர்ந்து தூங்கல."

பதினேழு வருஷமாக இந்த மாத்திரையைக் கொடுக்கும்போது அடுத்து சொல்கிற வரி வாயில் தானாக வந்துவிட்டது. "போட்டுக்கினு வண்டி ஓட்டக் கூடாதுங்க."

சந்திரா அட்டையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "எங்க வூட்ல இனிமே யாருக்கா ஓட்றது?" என்றாள். சீட்டை மடித்துக்கொண்டே, எதையோ நினைத்துக்கொண்டவள் மாதிரி, "சுதாக்கா இந்த மாத்திரதான போடறாங்க? அன்னிக்கு பெருமாள் அண்ணனுக்கு கண்ணே தொறக்கலன்னு எங்க வூட்டுக்காரரு கெளம்பறப்ப சொன்னாரு. அண்ணன் மாத்தி கீத்தி போட்டுட்டாரா?" என்றாள்.

அவள் குரலில் சந்தேகம் எதுவும் இல்லை. பாவாவுக்காக வருத்தப்பட்டுத்தான் கேட்டாள். ஆமாம், மாத்திப் போட்டிருப்பாரு என்று ஒரு வார்த்தை சொன்னால் அதோடு முடிந்துவிடும். அக்காவுக்குச் செய்த சத்தியமும் நிற்கும், என் வேலையும் தப்பும்.

"இல்ல சந்திரா," என்றேன். "அவருக்குத் தெரியாது. அவரு அன்னிக்கு வண்டி எடுக்கக் கூடாதுன்னு நான்தான் தூக்க மாத்திரய பால்ல கரச்சுக் குடுத்தேன்."

சந்திரா கையிலிருந்த அட்டையைத் திரும்பக் கண்ணாடிமேல் வைத்தாள். இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "உக்கார ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டாள். நான் உள்ளேயிருந்து ஸ்டூலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.